இரண்டாம் ஜிப்

"இன்னும் கொஞ்சம் மேல" என்றார் ஆடம் டர்ன்புல்.

இஷ்பெல் ஒரு அக்குளிலும் அவள் தம்பி டேவி மறு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்க, டேவியின் மனைவி ஷீனா மூன்றாவது தலையணையைச் செருகினாள். ஐம்பது வருஷம் மலைச்சரிவில் ஆட்டுப்பண்ணை நடத்திய மனிதர், இப்போது ஒரு செம்மறிக் குட்டியின் கனம்கூட இல்லை. உடம்புதான் இளைத்திருந்தது. அதிகாரம் இளைக்கவில்லை.

"எல்லாரும் வெளிய போங்க. இவ மட்டும் இருக்கட்டும்."

டேவி அக்காவைப் பார்த்தான். 'கடைசியில வழி பொறந்துச்சு பாத்தியா' என்று அந்தப் பார்வை சொன்னது. பதினாலு வருஷமாக அவனும்தான் காத்திருந்தான். காலையில் ஃபோன் பண்ணி, "அப்பா உன்னக் கேக்கறாரு இஷ், உடனே வா" என்று சொன்னபோது அவன் குரல் உடைந்திருந்தது. எடின்பரோவிலிருந்து ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் இஷ்பெல் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்: 'பரவாயில்லப்பா, விடுங்க.' அழாமல் சொல்ல வேண்டும். நாலாவது முறையில் வந்துவிட்டது.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் எடின்பரோவுக்குத் தெற்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு பெண்ணாட்டின் கருமுட்டை. முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அதன் உட்கருவை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். காலியான முட்டைக்குள் வேறொரு ஆட்டின் தோல் செல்லைச் செருகி, துளி மின்சாரம் கொடுத்தால், நூற்றில் ஒன்றோ இரண்டோ 'நான் கருவாக்கும்' என்று நினைத்துக்கொண்டு வளரத் தொடங்கும். மற்றவை சாகும். இதுதான் குளோனிங். நாடே இதைக் கேட்டு நடுங்கிக்கொண்டிருந்ததால், நிலையத்து இளைஞர்கள் ஊர் ஊராகப் போய் விளக்கம் சொல்வது வழக்கம். இஷ்பெல்லைச் சொந்த ஊருக்கே அனுப்பினார்கள். நம்ம வீட்டுப் பெண் சொன்னால் நம்புவார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இருந்திருக்காது.

சர்ச் ஹாலில் அவள் இரண்டு கோழிமுட்டையும் ஒரு டீஸ்பூனும் வைத்து விளக்கி முடித்தபோது, மூன்றாவது வரிசையில் சபை மூப்பர் ஆடம் டர்ன்புல் எழுந்தார்.

"கடவுள் ஒவ்வொண்ணையும் ஒரே தடவதான் வார்க்கிறாரு. வார்த்ததும் அச்ச உடைச்சிடறாரு. என் பொண்ணு அந்த ஒடஞ்ச அச்சப் பொறுக்கிட்டு அலையறா."

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு அவர் அதையே ஒரு பக்கத்துக்கு நீட்டி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார், அவர்களும் போட்டார்கள். சபை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஹால் சுவரில், தீயணைப்பு அறிவிப்புக்கும் பூ வைக்கிறவர்களின் முறைப்பட்டியலுக்கும் நடுவில் மாட்டியது. அன்று ஹால் வாசலில் அவர் மகளிடம் சொன்னது சட்டத்துக்குள் வரவில்லை: "அந்த வேலைய விடற வரைக்கும் என் வீட்டுப் படி ஏறாத."

அவள் வேலையை விடவில்லை, படியும் ஏறவில்லை. அம்மா இறந்தபோதுகூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, துக்க வீட்டுத் தேநீர் குடிக்காமல் திரும்பினாள். கடிதம் மட்டும் எழுதினாள், வருஷத்துக்கு மூன்று நாலு. வீட்டுச் சேதி பேச வழியில்லாததால் வேலையைப் பற்றி எழுதினாள். புரியவைத்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். படித்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு. ஒரு வரி பதில் வந்ததில்லை. அடுப்பில் போடுகிறார் என்று டேவி சொல்லியிருந்தான்.

இப்போது கதவு சாத்தியிருந்தது. அவள் நாற்காலியை இழுத்து அருகில் போட்டாள். அவர் மூச்சைச் சேகரித்துக்கொள்ளக் காத்திருந்தாள்.

"ஜிப்பப் பாத்தியா? முற்றத்துல?"

"பாத்தேன்பா. அழகா இருக்கு. சின்ன வயசு போல."

"அது ஏன் சீழ்க்கைக்குக் கட்டுப்பட மாட்டேங்குது?"

நோயின் உளறல் என்று அவள் நினைத்தாள். பழைய ஜிப்பை அவளுக்குத் தெரியும், பள்ளத்தாக்குக்கே தெரியும். ஆட்டுநாய்ப் போட்டியில் மூன்று முறை கோப்பை. அரை மைல் தொலைவில் மலை உச்சியில் நிற்கும்போது இவர் இங்கே உதட்டைக் குவித்தால் அங்கே வலதுபக்கம் திரும்பும். அது செத்து மூன்று வருஷம். செத்த நாயின் பெயரை அடுத்த குட்டிக்கு வைப்பது இந்த ஊரில் எல்லா மேய்ப்பர்களும் செய்வதுதான்.

"பழக்கணும்ல. ரெண்டு வயசுதான இருக்கும்."

"பழக்கினேனே ஜிப்புக்கு! ஒரு தடவ பழக்கினது போதாதா? குட்டியா வந்து எறங்கின அன்னிக்கே ஊதிப் பாத்தேன். என்னப் பாத்துக் கொட்டாவி விட்டுச்சு." இருமினார். இருமல் அடங்கியதும் சொன்னார்: "நீ எழுதின மாதிரியேதான் செஞ்சேன்."

"நான் எழுதின மாதிரியா?"

அவர் விரல் அலமாரியின் கீழ் இழுப்பறையைக் காட்டியது. போட்டியில் வாங்கிய ரிப்பன்களுக்கு அடியில் அவள் கடிதங்கள் இருந்தன. எல்லாம் பிரித்தவை, தேதிவாரியாக அடுக்கியவை. அடுப்புக்கு ஒன்றும் போகவில்லை. ஒரு கணம் அவள் நெஞ்சு நிரம்பிவிட்டது. மேலே தனியாக வைத்திருந்த கடிதத்தில் ஒரு பத்தி மட்டும் பென்சில் கோடுகளுக்கு நடுவில் இருந்தது. ஏதோ பேச்சுவாக்கில் அவள் எழுதியது: செத்த மிருகத்தின் தோலில்கூட நாலைந்து நாள் உயிருள்ள செல் இருக்கும், ஈரத்துணியில் சுற்றிக் குளிரில் வைத்தால் எடுத்துவிடலாம், ஆனால் உறைந்துவிட்டால் போச்சு. 'உறைந்துவிட்டால் போச்சு' என்பதற்கு இரண்டு கோடு.

கடிதத்தின் மற்ற மூன்று பக்கங்களில், 'அம்மாவின் கல்லறைக்குப் பூ வைக்க வரட்டுமா' என்று கேட்டிருந்த பக்கம் உட்பட, ஒரு கீறல் இல்லை.

"லோகன்தான் காதுல கொஞ்சம் வெட்டி எடுத்தான். வயித்துத் தோல் கொஞ்சம்" என்றார். லோகன் ஊர்க் கால்நடை மருத்துவர். "கொரியாவுக்கு அனுப்பினோம். அங்க ஏதோ ஒரு பழுப்பு நாய் வயித்துல வெச்சாங்களாம். பெட்டியில போட்டு பிளேன்ல வந்துச்சு. மேல் புல்வெளிய வித்தது அதுக்குத்தான். டேவி கிட்ட கொட்டகைக்குக் கூரை மாத்தணும்னு சொன்னேன்."

வெளியே கொட்டகைக் கூரையிலிருந்து வாளியில் நீர் சொட்டுவது கேட்டது.

"அப்பா, அன்னிக்கு அந்த ஹால்ல எழுந்து நின்னு நீங்க..."

"அது ஆட்டு விஷயம்" என்றார் ஆடம் டர்ன்புல். "இது ஜிப்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும் வந்திருக்கும்.

"அப்பா, அது ஜிப் இல்ல. ஜிப்போட ரெட்டப் பொறப்பு, பதினஞ்சு வருஷம் லேட்டாப் பொறந்திருக்கு, அவ்வளவுதான். ஜிப் கத்துக்கிட்டது ஜிப்போட போச்சு. காதுத் தோலுக்குச் சீழ்க்கை தெரியாதுப்பா."

"இடது கால்ல வெள்ள சாக்ஸ்கூட இல்ல. நெத்திப் பட்டை கோணல்."

"அப்படித்தான்பா வரும். வயித்துல வளரும்போது நிறம் அதுபாட்டுக்குப் படியும். அச்சு அசலா வராது."

"அதையெல்லாம் நீ எழுதலையே!"

கடையில் வாங்கிய பொருள் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க வந்தவரின் குரல் அது. இஷ்பெல் கடிதத்தை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"கேட்டிருந்தா எழுதியிருப்பேன்."

அவர் பார்வை கூரைக்குப் போயிற்று. "எப்படிக் கேக்கறது?" என்றார். குரல் தணிந்திருந்தது, அவள் முன்னால் சாய்ந்தாள். "நான் சபை மூப்பன்" என்று முடித்தார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "டேவிக்குத் தெரிய வேணாம். போதகர் லேட்லாவுக்கும் தெரிய வேணாம். லோகன் வாயத் தொறக்க மாட்டான். நீயும்" என்றார்.

இன்னும் ஏதாவது வரும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள். வந்தது.

"போகும்போது ஜன்னல மூடிட்டுப் போ. குளிருது."

மூடினாள். நாலேகாலுக்கு அவர் இறந்துபோனார்.

ஆனால் அதற்கு முன்பே, அறையை விட்டு அவள் வெளியே வந்தபோதே, நடையில் காத்திருந்த டேவி கண் கலங்கக் கேட்டிருந்தான்: "சொல்லிட்டாராக்கா?" வழக்கமாக இஷ் என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன். சின்ன வயதில் விழுந்து முட்டி பெயர்ந்தால்தான் அக்கா என்பான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

அந்த 'ம்' ஆறு மணிக்குத் தபால் நிலையத்தை எட்டியது. ஏழு மணிக்குள் பள்ளத்தாக்கு முழுக்க, டர்ன்புல் சாகும்போது மகளை மன்னித்துவிட்டார் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் அவள் மண்டியிட்டாள் என்றும் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை சமையலறையில் இஷ்பெல் அடக்கத்துக்கு வருகிறவர்களுக்காக முட்டை சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தாள். ஷீனா தட்டுகளைப் புது ஃபிரிட்ஜில் அடுக்கினாள்.

"பழைய ஃபிரிட்ஜ நான் ஏன் தூக்கிப் போட்டேன், தெரியுமா? உங்கப்பா சத்தியமா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாரு. இனிமே என்ன வந்துச்சு, அவரே போய்ட்டாரு" என்றாள். "மூணு வருஷம் முன்னாடி. காலங்காத்தால பால் எடுக்கத் தொறக்கறேன், நடுத்தட்டுல செத்த ஜிப். ஈரத்துண்டுல சுத்தி, கொழந்தைய மாதிரி. பக்கத்துல என் பன்றிக்கறி. நான் போட்ட கத்துல கோழிங்க முட்டை போட மறந்துச்சு."

"என்ன சொன்னாரு?"

"நெலம் ஒறஞ்சு கெடக்கு, குழி தோண்ட முடியலன்னாரு. பிப்ரவரி மாசம், சரி, நம்பினேன். 'அப்ப வெளிய பனியிலயே வைங்களேன் மாமா, இதவிடக் குளிரு'ன்னேன். 'ஒறையக்கூடாதுடி'ன்னு பாஞ்சாரு என்மேல! ரெண்டு நாள் கழிச்சு லோகன் வந்து எடுத்துட்டுப் போனான். அன்னிக்கும் நெலம் ஒறஞ்சுதான் கெடந்துச்சு. நான் எதுக்கு வாயக் கொடுக்கணும்?" ஷீனா கதவைச் சாத்தித் திரும்பினாள். "என்ன இஷ், நீ ஏன் இப்படி வெளுத்துப் போய்ட்ட?"

சொல்லிவிடலாம். கத்தி ரொட்டியின் நடுவில் நின்றிருந்தது. ஷீனாவிடம் சொன்னால் மாலைக்குள் ஊர் அறியும். மன்னிப்பு போன அதே வேகத்தில் இதுவும் போகும். இஷ்பெல் வாயைத் திறந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு டேவி வந்தான். கையில் ஓர் உறை. பின்னால் போதகர் லேட்லா, ஈரக் குடையோடு.

"அப்பாவோட கயித்துப் பட்டியல்" என்றான் டேவி.

பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு. யார் எதைப் பிடிப்பது என்று செத்தவரே எழுதி வைத்துவிட்டுப் போவது மரியாதை. தலைமாட்டுக் கயிறு ஒன்றாம் எண். காலடிக் கயிறு இரண்டாம் எண். ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் யாரை எங்கே வைத்திருந்தான் என்று ஊர் தெரிந்துகொள்வது அன்றைக்குத்தான்.

டேவி படித்தான். ஒன்று, டேவி. இரண்டு, லோகன்.

"ரெண்டாவது கயிறு லோகனுக்கா?" ஷீனா இடுப்பில் கைவைத்தாள். "ஆட்டுக் குளம்பு சீவ வர்றவனுக்கு? அவரு சொந்தத் தம்பி அஞ்சாவதா?"

மீதி ஆறு பேரில் இஷ்பெல் இல்லை. தேதி போன வாரத்தது. டேவி தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"இது உன்னக் கூப்பிடறதுக்கு முன்னாடி எழுதினது இஷ். உன்கிட்ட பேசினதுக்கு அப்பறம் மாத்தியிருப்பாரு. நேரமில்லாமப் போச்சு." காது சிவந்திருந்தது அவனுக்கு. "என் கயித்த நீ புடிச்சுக்க."

"வேணாம் டேவி. உனக்குன்னு குடுத்தது."

"பார்த்தீர்களா, இந்த மனத்தாழ்மை!" என்றார் போதகர் லேட்லா. அவர் சமையலறையிலும் பிரசங்க மேடையில் நிற்கிற மாதிரியே பேசுவார். தேநீருக்குச் சர்க்கரை கேட்டால்கூட ஆமென் சொல்லத் தோன்றும். "உன் தகப்பனார் இந்தப் பள்ளத்தாக்கின் பாறை, அம்மா. ஊரே ஆடினபோதும் அவர் ஆடவில்லை. தன் சொந்த இரத்தத்துக்கு எதிராக நின்றார். அதன்பின் மன்னித்தார்! முப்பது வருஷ ஊழியத்தில் இப்படியொரு மரணம் எனக்குக் கிடைத்ததில்லை."

கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன் வைத்தார்.

"நாலே வாக்கியம். நாளைக்கு நீ படிக்க வேண்டும். நானே எழுதிவிட்டேன், உனக்குச் சிரமம் வேண்டாமென்று."

"போதகரே, என்னால..."

"படி இஷ்" என்றான் டேவி. "எனக்காக. பதினாலு வருஷம் இந்த வீட்ல உன் பேரச் சொல்ல முடியாம இருந்தேன். ஊர் முன்னாடி அது ஒரு தடவ முடிஞ்சு போகட்டும்."

அவன் கை அவள் தோளில் இருந்தது. ஷீனா இன்னும் லோகனின் கயிற்றைப் பற்றியே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இஷ்பெல் தாளை எடுத்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, மிச்ச ரொட்டியை வெட்டினாள்.

சனிக்கிழமை ஆலயத்தில் உட்கார இடமில்லை. பெட்டியின் மேல் பூ இல்லை. போதகரின் யோசனைப்படி, ஹால் சுவரிலிருந்து இறக்கிய அந்தச் சட்டம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடியை யாரோ புதுசாகத் துடைத்திருந்தார்கள். போதகர் இருபத்தைந்து நிமிஷம் பேசினார். அச்சு என்ற சொல் ஒன்பது முறை வந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டாம் வரிசையில் லோகனின் கழுத்து காலருக்குள் கொஞ்சம் இறங்கியது.

பிறகு இஷ்பெல்லைக் கூப்பிட்டார்கள். அவள் கடந்து போகும்போது போதகர் குனிந்து கிசுகிசுத்தார்: "நிதானமாகப் படி. 'மன்னித்தார்' என்ற சொல் காதில் விழுந்ததும் மிஸ் நிஸ்பெட் ஆர்கனைத் தொடங்கிவிடுவார்கள்."

அவள் தாளை விரித்தாள்.

"'என் தகப்பன் ஒரு சொல் மனிதர்'" என்று படித்தாள். ஈரக் கம்பளி, மெழுகு வாசனை. முன்வரிசையில் டேவி, கயிற்று எண் அச்சடித்த சிறு அட்டையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்று ஒரு நல்ல அப்பா இருந்தார்.

"'கடவுள் ஒவ்வொன்றையும் ஒரே தடவைதான் வார்க்கிறார் என்று, பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவர் இந்த ஊருக்கு எடுத்துச் சொன்னார்.'"

லோகன் தன் பாட்டுப்புத்தகத்தைத் திறந்து மும்முரமாக எதையோ தேடத் தொடங்கினான். ஷீனா அவனைப் பார்த்தாள். பிறகு பெட்டியை. பிறகு, முகம் மெல்ல மாறிக்கொண்டுவர, இஷ்பெல்லை.

"'மகளாகிய நான் அவர் சொல்லைக் கேட்கவில்லை.'"

பக்கவாட்டில், ஆர்கன் முன்னால், எண்பத்தொரு வயது மிஸ் நிஸ்பெட் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டாள்.

நாலாவது வாக்கியம் தாளின் அடியில் இருந்தது. ஐந்தே சொல், கடைசிச் சொல் 'மன்னித்தார்'. இஷ்பெல் அதைப் பார்த்தாள். தாளை நடுவில் மடித்தாள். படிகளில் இறங்கி வந்து, தம்பியின் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

போதகர் மேடையிலிருந்து முன்னால் சாய்ந்தார். ஒருவரும் இருமவில்லை. மிஸ் நிஸ்பெட்டின் கைகள் கட்டைகளுக்கு மேல் விரிந்தபடி அந்தரத்தில் நின்றன. மணிக்கட்டுகள் லேசாக நடுங்கத் தொடங்கின. ஆர்கனுக்குள் காற்றை நிரப்பும் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.